உப்புக்காற்றில் ஒரு சர்வர்: எச்சரிக்கை ஏன் வரவில்லை?

தூத்துக்குடிப் பக்கம் கீழவைப்பாரில் படகு வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் வீட்டில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று சர்வராக ஓடுகிறது. படகுப் பதிவுத் தாள்கள், டீசல், ஐஸ் கணக்கு, பிள்ளைகளின் சான்றிதழ்கள், கல்யாண வீடியோ எல்லாம் அதில்தான். ஒரு நாள் காலையில் கூப்பிட்டார். "தம்பி, டிஸ்க்கு திறக்கவே மாட்டேங்கு. நீங்க போட்டுத் தந்த சாஃப்ட்வேர் நேத்து ராத்திரி வரைக்கும் பச்சையாத்தான காட்டிச்சு?"

பச்சை காட்டியது உண்மைதான். ஆனால் அது காட்டியது கம்ப்யூட்டருக்கு உள்ளே இருந்த சின்ன டிஸ்க்கை. கணக்கெல்லாம் இருந்த பெரிய டிஸ்க் வெளியே, யூஎஸ்பி பெட்டியில் இருந்தது. சில மாதங்களுக்கு முன் கரண்ட் போய் வந்தபோது கம்ப்யூட்டர் தானாக எழுந்திருக்கிறது. யூஎஸ்பி பெட்டி எழுந்து வருவதற்குள் கண்காணிப்பு மென்பொருள் தன் பட்டியலைப் போட்டு முடித்துவிட்டது. பட்டியலில் சேராத டிஸ்க்கை அதன் பிறகு அது ஒரு தடவைகூடத் தொட்டுப் பார்க்கவில்லை. லாக்கில் அந்த டிஸ்க்கின் பெயர் வந்த கடைசி வரி, கரண்ட் போன அன்றோடு நின்றிருந்தது. அமைத்துக் கொடுத்தவன் நான். மறுபடி போய்ப் பார்க்காதவனும் நான்.

அன்றிலிருந்து என் வேலை முறையை மாற்றிக்கொண்டேன். தூத்துக்குடியின் கப்பல் ஏஜென்சிகளிலும் உப்பு அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் போட்டோ ஸ்டுடியோக்களிலும் இப்படிப்பட்ட சின்ன சர்வர்கள் உண்டு. தனி ஐடி ஆள் இருக்க மாட்டார். கம்ப்யூட்டர் தெரிந்த தம்பியோ தங்கையோ யார் இருக்கிறார்களோ அவர்கள் தலையில் இந்தப் பொறுப்பு வந்து விழும். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். டிஸ்க் நலமா என்று கேட்பதற்கு முன்னால், டிஸ்க்கை யாராவது பார்த்துக்கொண்டிருக்கிறார்களா என்று கேளுங்கள்.

முதலில், கண்ணில் படுகிறதா?

ஹார்ட் டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துக்கொள்ளும் முறைக்கு ஸ்மார்ட் என்று பெயர். இதற்கு முன்னோடியானது 1992-ல் ஐபிஎம் கொண்டுவந்த முறை. லினக்ஸில் அந்தக் குறிப்பைப் படிக்க உலகம் முழுக்கப் பயன்படும் இலவச மென்பொருள் ஸ்மார்ட்மான்டூல்ஸ். ஈர்ப்பு அலைகளை ஆராய்ந்த புரூஸ் ஆலன் என்ற இயற்பியலாளர், விஸ்கான்சின்–மில்வாக்கி பல்கலைக்கழகத்தில் இருந்தபோது 2002-ல் தொடங்கியது. நூற்றுக்கணக்கான கம்ப்யூட்டர்களைக் கூட்டாக ஓட்டிய ஒருவர், தன் டிஸ்க்குகள் எப்போது கைவிடும் என்று தெரிந்துகொள்ளச் செய்த கருவி அது. அதில் இரண்டு பாகங்கள். நாம் கேட்டால் பதில் சொல்லும் ஸ்மார்ட்சிடிஎல் ஒன்று. பின்னணியில் உட்கார்ந்து, மாற்றாவிட்டால் அரை மணிக்கு ஒரு தடவை பார்க்கும் ஸ்மார்ட்டி இன்னொன்று. திரையில் அழகாகப் படம் காட்டும் பல மென்பொருள்களுக்கு உள்ளே வேலை செய்வதும் இந்த ஸ்மார்ட்சிடிஎல்தான். அதனால் படம் குழப்பினால் அதை மூடிவிட்டு, கட்டளைத் திரையில் நேராகக் கேளுங்கள்.

ஸ்கேன் கட்டளை கொடுத்தால் கண்ணுக்குத் தெரியும் டிஸ்க்குகளின் பெயர் வரும். ஒவ்வொன்றின் சீரியல் எண்ணையும் டிஸ்க்கின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளோடு ஒப்பிடுங்கள். கையில் மூன்று, திரையில் இரண்டு என்றால் கோளாறு அங்கேதான்.

யூஎஸ்பி பெட்டிதான் அடிக்கடி காரணம். பெட்டிக்குள் இருக்கும் சின்ன சிப் ஒன்று கம்ப்யூட்டர் பேசுவதை டிஸ்க்குக்குப் புரியும்படி மாற்றிச் சொல்கிறது. சில சிப்கள் ஸ்மார்ட் கேள்விகளை உள்ளே விடுவதில்லை. "தெரியாத யூஎஸ்பி பிரிட்ஜ்" என்ற பொருளில் செய்தி வந்தால், கட்டளையின் டி தெரிவில் சாட் என்று சேர்த்துக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதில் வந்துவிடும். அப்படியும் வராவிட்டால் மென்பொருளின் டிஸ்க் தரவுப்பட்டியலைப் புதுப்பியுங்கள். அதுவும் பலிக்காவிட்டால் பெட்டியை மாற்றுங்கள். பேசாத பெட்டியோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டுவதைவிட வேறு பெட்டி வாங்குவது லாபம்.

மென்பொருளை மெய்நிகர் கணினிக்குள் நிறுவிவிட்டு, "ஸ்மார்ட் வசதி இல்லை" என்கிறதே என்று திகைப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். மெய்நிகர் டிஸ்க்குக்கு உடம்பே கிடையாது, நலம் எங்கிருந்து வரும்? உண்மையான டிஸ்க் மாட்டியிருக்கும் அடிக் கம்ப்யூட்டரில் அதை நிறுவ வேண்டும். டாக்கரில் ஓட்டினால் டிஸ்க்கைத் தொடும் அனுமதியைத் தனியாகக் கொடுக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. எஸ்டிஏ, எஸ்டிபி என்று லினக்ஸ் வைக்கும் பெயர்கள் மறுதொடக்கத்தில் மாறக்கூடியவை. அமைப்புக் கோப்பில் சீரியல் எண் அடங்கிய நிலையான பெயரை எழுதுங்கள். யூஎஸ்பி டிஸ்க் என்றால், தொடங்கும்போது அது இல்லாவிட்டாலும் ஸ்மார்ட்டி நின்றுவிடாதபடி ரிமூவபிள் என்ற தெரிவையும் சேர்த்துவிடுங்கள். ஆனால் பிறகு அது தானாகத் தேடாது, பெட்டி எழுந்ததும் ஸ்மார்ட்டியை மறுதொடக்கம் செய்ய வேண்டும். அண்ணாச்சி வீட்டில் நான் செய்யத் தவறியது இந்த மறுதொடக்க ஏற்பாடு.

எண்களைப் படிப்பது

டிஸ்க் நலம் என்ற வரியில் பாஸ் என்று வந்தால் பலர் அதோடு எழுந்துவிடுகிறார்கள். டிஸ்க் தயாரித்தவர் குறித்த எல்லைக்குக் கீழே ஏதாவது முக்கிய மதிப்பு இறங்கினால்தான் அந்த வரி மாறும். பல டிஸ்க்குகள் பாஸ் காட்டியபடியே செத்திருக்கின்றன. கூகுள் 2007-ல் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரையில், பழுதான டிஸ்க்குகளில் 56 சதவீதத்தில் முக்கியமான நான்கு ஸ்மார்ட் அறிகுறிகளில் ஒன்றுகூடத் தென்படவில்லை. அதே ஆய்வில், பின்னணியில் தன் மேற்பரப்பைத் தானே சோதிக்கும்போது முதல் பிழை (ஸ்கேன் பிழை) வந்த டிஸ்க் அடுத்த 60 நாளுக்குள் பழுதாகும் வாய்ப்பு, பிழை வராத டிஸ்க்கைவிட 39 மடங்கு. அறிகுறி வந்தால் நம்புங்கள். வராததை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்.

நான் முதலில் பார்ப்பது 5, 187, 197, 198 ஆகிய எண்களுள்ள வரிகளை. 5 என்பது கெட்டுப்போய் மாற்று இடம் கொடுக்கப்பட்ட செக்டார்கள். 187, டிஸ்க்கால் திருத்த முடியாமல் போன பிழைகள். 197, படிக்க முடியாமல் முடிவுக்குக் காத்திருப்பவை. 198, டிஸ்க் தானே செய்த சோதனையிலும் படிக்க முடியாதவை. இவற்றில் மூல மதிப்பு பூஜ்யமாக இருக்க வேண்டும். 197 மட்டும் ஒன்றிரண்டு காட்டினால் பதற வேண்டாம். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனாலும் அப்படி வரும், மறுபடி அந்த இடத்தில் எழுதினால் போய்விடும். போகாமல் வாரத்துக்கு வாரம் ஏறினால் அந்த டிஸ்க்கின் நாள் எண்ணப்படுகிறது.

சீகேட் டிஸ்க் வைத்திருப்பவர்கள் 1, 7 ஆகிய வரிகளில் கோடிக்கணக்கில் எண்ணைப் பார்த்துப் பயந்து டிஸ்க்கைக் கழற்றுவதுண்டு. அது பிழைகளின் எண்ணிக்கை அல்ல. பல சீகேட் டிஸ்க்குகளில் அந்த ஒரே எண்ணுக்குள் மேல்பகுதியில் பிழையும் கீழ்ப்பகுதியில் மொத்தச் செயல்களும் சேர்த்து அடைக்கப்பட்டிருக்கும். 4,29,49,67,296-க்குக் கீழே இருந்தால் பிழை பூஜ்யம்.

எண்ணை ஒரு தடவை பார்த்தால் போதாது என்பதை இந்தக் கரைக்காரர்களுக்குப் புரியவைக்க நான் சொல்வது முத்துக்குளிப்பைத்தான். தூத்துக்குடிக் கடலில் கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் நடந்தது. அதற்கு முன்னெல்லாம் குளிப்பு அறிவிக்கும் முன் முத்துச்சிப்பி கிடக்கும் கடலடிப் பாரில் இறங்கி மாதிரிச் சிப்பி எடுத்து, முத்தை எடை போட்டு மதிப்பிடுவார்கள். ஒரு சோதனையில் நிறைந்திருந்த பார் அடுத்த சோதனையில் வெறுமையாகக் கிடந்ததும் உண்டு. டிஸ்க்கும் அப்படித்தான். இன்றைய எண்ணைப் போன மாத எண்ணோடு வைத்துப் பாருங்கள். அதற்கு ஒரு நோட்டு போதும்: தேதி, சீரியல் எண்ணின் கடைசி நான்கு இலக்கம், 5, 187, 197, 198 ஆகிய நான்கு வரிகளின் மதிப்புகள், வெப்பநிலை.

199-ம் உப்பும்

இந்தக் கடற்கரையில் நான் மிகவும் வலியுறுத்துவது 199-ம் வரி. டிஸ்க்குக்கும் கம்ப்யூட்டருக்கும் இடையே தகவல் சிதைந்து போன தடவைகளை அது எண்ணுகிறது. குற்றவாளி பெரும்பாலும் டிஸ்க் அல்ல, கேபிள். ஒருபுறம் உப்பளம், மறுபுறம் கடல். ஜன்னல் திறந்த அறையில் கேபிள் முனையில் களிம்பு பிடிக்க நாளாகாது. நல்ல டிஸ்க்கைப் பழுது என்று சொல்லி வாடிக்கையாளருக்குப் புது டிஸ்க் வாங்க வைத்தால், பழைய கேபிளில் அந்தப் புது டிஸ்க்கும் அதே பிழையைக் காட்டும். உங்கள் பெயர் கெடும்.

செய்ய வேண்டியது எளிது. 199-ன் எண்ணைக் குறித்துக்கொண்டு கேபிளை மாற்றுங்கள். அந்த எண் ஒருபோதும் குறையாது, ஆகவே குறையவில்லையே என்று தேடாதீர்கள். ஒரு வாரம் கழித்து ஏறாமல் நின்றிருந்தால் நோய் தீர்ந்தது. ஏறினால் பவர் கேபிள், பெட்டி, மதர்போர்டின் சாக்கெட் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள், ஒரே நாளில் எல்லாவற்றையும் அல்ல. முனைகளை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைக்கலாம். எண்ணெயும் கிரீஸும் வேண்டாம்.

சாதாரண டிஸ்க்கின் மூடியில் காற்று போய்வர வடிகட்டி வைத்த சின்னத் துளை இருக்கும். உப்புக்காற்றுக்குப் பயந்து அதன்மேல் டேப் ஒட்டக் கூடாது. ஹீலியம் அடைத்த பெரிய டிஸ்க்குகளில் அந்தத் துளை இல்லை, உள்ளே கடல்காற்று போகாது. ஆனால் அவற்றின் சர்க்யூட் போர்டும் வெளியில்தானே இருக்கிறது? கடலைப் பார்த்த ஜன்னலிலிருந்து தள்ளி, தரையிலிருந்து உயரத்தில், காற்றோட்டத்தோடு வையுங்கள். வீட்டு டிஸ்க்குகள் பலவற்றுக்கு 60 டிகிரி செல்சியஸ்தான் மேல் எல்லை. சித்திரை வெயிலில் மூடிய அலமாரிக்குள் வைத்தால் அந்த எல்லை வெகுதூரத்தில் இல்லை.

எச்சரிக்கை கைக்கு வருகிறதா?

மென்பொருள் பிழையைக் கண்டுபிடித்து, லாக்கில் எழுதி, மின்னஞ்சலும் அனுப்ப முயன்று, அனுப்பும் வசதி அந்தக் கம்ப்யூட்டரில் இல்லாததால் செய்தி அங்கேயே கிடக்கும். இது மிகச் சாதாரணமாக நடப்பது. ஸ்மார்ட்டியின் அமைப்புக் கோப்பில் சோதனை மின்னஞ்சல் தெரிவு ஒன்று உண்டு. அதை இயக்கி, சேவையை மறுதொடக்கம் செய்து, டிஸ்க் ஒவ்வொன்றுக்கும் ஒரு மின்னஞ்சல் உங்கள் போனில் வந்து விழுகிறதா என்று பாருங்கள். மூன்று டிஸ்க்குக்கு இரண்டு மின்னஞ்சல் வந்தால், மூன்றாவதை யாரும் பார்க்கவில்லை என்று அங்கேயே தெரிந்துவிடும்.

டிஸ்க் தன்னைத்தானே முழுக்கப் படித்துப் பார்க்கும் நீண்ட சோதனை ஒன்றும் உண்டு. அது பாதியில் நின்றுவிடுகிறது என்றால், யூஎஸ்பி பெட்டி இடையில் தூங்கிவிடுகிறதா, கரண்ட் போனதா என்று பாருங்கள். எத்தனை நிமிடம் ஆகும் என்பதை டிஸ்க்கே சொல்லும். பெரிய டிஸ்க்குக்குப் பல மணி நேரம் ஆகும். யூபிஎஸ் இல்லாத வீட்டில் அதை இரவில் ஓட விடுங்கள்.

டிஸ்க் போகப்போகிறது என்று தெரிந்த நாளில், முதலில் நகல் எடுங்கள். ரிப்பேர், ஃபார்மட், நீண்ட சோதனை எல்லாம் பிறகு. முதலாளியிடம், "போன வாரம் பூஜ்யமாக இருந்தது, இன்று எட்டு, இன்றைக்கே நகல் எடுத்துவிட்டு டிஸ்க்கை மாற்ற வேண்டும்" என்று நோட்டைக் காட்டிச் சொல்லுங்கள். எண்ணோடு சொன்னால் காசு கொடுப்பவர் யோசிக்க மாட்டார்.

நகலை அதே வீட்டில் வைக்காதீர்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. இந்த மாவட்டத்தில் வீடும் கடையும் அலுவலகமும் தண்ணீரில் நின்றன. எந்தக் கண்காணிப்பு மென்பொருளும் அதை முன்கூட்டிச் சொல்லாது. ஒரு டிஸ்க்கை வெளியூரில் இருக்கும் அக்கா வீட்டில் கொடுத்து வையுங்கள்.

அண்ணாச்சியின் டிஸ்க்கிலிருந்து கணக்கில் பெரும்பகுதியை மீட்டேன். கல்யாண வீடியோ வரவில்லை. உங்கள் பொறுப்பில் ஒரு சர்வர் இருந்தால், இன்று மாலையே அந்தச் சோதனை மின்னஞ்சலை அனுப்பி, எத்தனை வந்தது என்று எண்ணிப் பாருங்கள்.