ரத்தம் தர ஆறு பேர், ஏற்றியது ஒரு பாட்டில்

கேள்வி: என் அப்பாவுக்கு லிவர் சிரோசிஸ். போன மாதம் ராத்திரி கட்டி கட்டியாக ரத்த வாந்தி எடுத்தார். 108-ல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ரத்தம் கொடுக்க அண்ணனின் நண்பர்கள் ஆறு பேர் வாசலில் நின்றார்கள். ஹீமோகுளோபின் 6.6 என்று ஒரே ஒரு பாட்டில் ஏற்றினார்கள். 7.7 ஆனதும் போதும் என்றுவிட்டார் சிஸ்டர். ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்கவும் விடவில்லை. மறுநாள் பேதி மருந்து வேறு! அப்பா பிழைத்துவிட்டார், ஆனாலும் மனசு ஆறவில்லை. சரியாகத்தான் பார்த்தார்களா?

– வாசகி, செகந்திராபாத்

பதில்: சரியாகத்தான் பார்த்திருக்கிறார்கள். அந்த சிஸ்டர் கஞ்சத்தனம் பண்ணவில்லை.

குடலிலிருந்து வரும் ரத்தத்தை இறுகிப்போன கல்லீரல் உள்ளே விடாது. அது பின்வாங்கி, உணவுக்குழாயின் அடிப்பகுதி நரம்புகளைப் புடைக்க வைக்கிறது. வேரிசஸ் என்பார்கள். அப்பாவுக்கு உடைந்தது அதுதான். இந்த நிலையில் பாட்டில் பாட்டிலாக ஏற்றினால் அழுத்தம் கூடி, அடைபட்ட இடம் மறுபடி உடையும். பார்சிலோனாவில் 921 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2013-ல் வெளியானது. ஹீமோகுளோபின் 9-க்குக் கீழே போனதும் ரத்தம் ஏற்றப்பட்டவர்களைவிட, 7-க்குக் கீழே போனால் மட்டும் ஏற்றப்பட்டவர்களே அதிகம் பிழைத்தார்கள். அதனால்தான் 7-லிருந்து 8-க்குள் நிறுத்துகிறோம். ரத்தம் கொட்டி பி.பி. சரிந்தால் கதை வேறு. அப்போது எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டோம்.

முதல் சில நிமிடங்களில் நர்ஸ் பயப்படுவது ரத்தம் போவதற்கு மட்டுமல்ல, அது நுரையீரலுக்குள் இறங்கிவிடுவதற்கும்தான். இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைப்பது, சக்‌ஷனைக் கையருகே வைப்பது, வாய்வழி எதுவும் தராதது எல்லாம் அதற்காகவே. வயிறு காலியாக இருந்தால்தான் எண்டாஸ்கோப்பியும் சரியாகத் தெரியும். இரண்டு கையிலும் தடிமனான ஊசி போட்டு, குறுக்குப் பொருத்தத்துக்கு ரத்தம் அனுப்பிவிட்டு, டெர்லிப்ரெசின் அல்லது ஆக்ட்ரியோடைடை உடனே ஆரம்பித்துவிடுவோம். எண்டாஸ்கோப்பி வரை காத்திருப்பதில்லை. டெர்லிப்ரெசின் ரத்தக்குழாய்களைச் சுருக்கும். அதனால்தான் விரல் நுனி நீலமாகிறதா, நெஞ்சு வலிக்கிறதா, ஆக்ஸிஜன் இறங்குகிறதா என்று திரும்பத் திரும்பப் பார்ப்பது. காய்ச்சலே இல்லாதபோது ஆன்டிபயாடிக் ஏன் என்று சொந்தக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். இந்த நேரத்தில் கிருமி தொற்றினால் மறுபடி ரத்தம் கசியும், உயிருக்கே ஆபத்து. நிலைமை சீரானபின் 12 மணி நேரத்துக்குள் எண்டாஸ்கோப்பி, உடைந்த நரம்புக்கு ரப்பர் வளையம்.

அதிலும் நிற்காவிட்டால் பலூன் குழாய் போடுவார்கள், அதிகபட்சம் ஒரு நாள். அப்போது தலைமாட்டில் கத்தரிக்கோல் கிடக்கும். அதை யாரும் எடுத்து வைத்துவிடாதீர்கள். பலூன் மேலேறி மூச்சை அடைத்தால் அந்தக் கணமே குழாயை வெட்ட வேண்டும்.

பேதி மருந்து லாக்டுலோஸாக இருக்கும். குடலில் தங்கிய ரத்தம் அம்மோனியாவாகி மூளையைக் குழப்பும், அதை வெளியேற்றத்தான். சிஸ்டர் அப்பாவிடம் அடிக்கடி பேரும் கிழமையும் கேட்டிருப்பாரே, குழப்பம் வருகிறதா என்று பார்க்கத்தான்.

கேள்வி: இனி வீட்டில் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: நரம்புகள் அடங்கும்வரை சில வார இடைவெளியில் வளையம் போடக் கூப்பிடுவார்கள், தவறாமல் போங்கள். கார்வெடிலாலோ ப்ரொப்ரனாலோலோ எழுதிக்கொடுத்திருந்தால் நீங்களாக நிறுத்த வேண்டாம். மூட்டுவலிக்கென்று கடையில் வலி மாத்திரை வாங்கித் தராதீர்கள். காந்தி, உஸ்மானியா, நிம்ஸ், கச்சிபௌலி ஏ.ஐ.ஜி. என்று குடல்நோய்ப் பிரிவுகளுக்கு உங்கள் ஊரில் பஞ்சமில்லை. ராத்திரியில் எண்டாஸ்கோப்பி எங்கே உண்டு என்று இப்போதே விசாரித்துக் குறித்து வையுங்கள். 108 சேவையே 2005-ல் ஹைதராபாத்தில்தான் தொடங்கியது. அவசரத்துக்குச் சொந்தக் காரைவிட அதுவே மேல்.

வாந்தியே இல்லாமல் தார் போலக் கறுத்து, பிசுபிசுவென்று நாற்றத்தோடு மலம் போனாலும் உள்ளே ரத்தம் கசிகிறது என்றுதான் அர்த்தம். இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும். உங்களுக்குச் சந்தேகமாக இருந்தால், விடியட்டும் என்று இருக்காமல் கிளம்பிவிடுங்கள்.