குட்டி நாயா, அடைக்கல நாயா? இல்லறத்தார்க்கு ஒரு பாடம்

இல்லறத்தார்க்கு உரிய அணுவிரதங்கள் ஐந்தனுள் முதலாவது கொல்லாமை. அவ்விரதத்தை முற்றும் கெடுக்காவிடினும் மாசுபடுத்தும் குற்றங்கள் ஐந்து உண்டு. அவற்றை அதிசாரங்கள் என்பர். கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், அளவுக்கு மேல் பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல் என்பன அவை. உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் இவற்றை எண்ணிக் காட்டுகிறார். சமந்தபத்திரரின் இரத்தினகரண்டகமும் அதன் வழிவந்த நம் அருங்கலச்செப்பும் இவற்றைக் கூறுகின்றன. நம் பிள்ளைகள் சமயப் பாட வகுப்பில் இவற்றை மனப்பாடமாக ஒப்புவிக்கிறார்கள். ஆனால் வீட்டில் மாடும் கன்றும் இல்லாத இக்காலத்தில் அந்த ஒப்புவித்தல் வாயளவில் நின்றுவிடுகிறது. ஒரு நாய் வீட்டிற்குள் வரட்டும். நான்கு வயதுக் குழந்தை ஒரே பகற்பொழுதில் ஐந்து குற்றங்களையும் விளையாட்டாகவே செய்து முடித்துவிடும்.

நாய் வளர்க்க விரும்பும் இளந்தாய்மார் சிலர், சிறு குழந்தைகள் உள்ள வீட்டிற்குக் குட்டியாக வாங்குவது நல்லதா, கைவிடப்பட்டு மீட்கப்பட்ட வளர்ந்த நாயை எடுப்பது நல்லதா என்று கேட்கிறார்கள். குட்டியே நல்லது, குழந்தையோடு சேர்ந்து வளரும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் விடை. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை உள்ள நம் இல்லங்களுக்குக் குணம் அறியப்பட்ட வளர்ந்த நாயே ஏற்றது என்பது என் கருத்து. ‘குணம் அறியப்பட்ட’ என்னும் அடைமொழியை விட்டுவிட்டு இதனைப் படிக்க வேண்டா.

முதலில் ஓர் ஐயத்தை நீக்க வேண்டும். சிராவகர் நாய் வளர்க்கலாமா? பூனை முதலிய ஊனுண்ணும் உயிர்களை வளர்ப்பதைக் கார்த்திகேயானுப்பிரேட்சை அநர்த்த தண்டத்துள், அதாவது பயனின்றிச் செய்யும் தீவினைகளுள், வைத்து எண்ணுகிறது. எனவே வேட்டைக்காகவும் விலைக்கு விற்பதற்காகவும் பெருமைக்காகவும் நாய் வளர்த்தல் நமக்குத் தகாது. ஆனால் அடைக்கலம் தருதல் வேறு. அது அபயதானம். சீவக சிந்தாமணியின் குணமாலையார் இலம்பகத்தை நினைத்துப் பாருங்கள். உணவைத் தீண்டியது என்பதற்காக அந்தணர் ஒரு நாயை அடித்துக் குற்றுயிராக்குகின்றனர். சீவகன் அதன் செவியில் பஞ்சநமஸ்கார மந்திரத்தை ஓதுகிறான். அது சுதஞ்சணன் என்னும் இயக்கனாகப் பிறந்து, பின்னர் அவனைக் கொலையினின்று மீட்கிறது. சீவகன் மந்திரம் ஓதியது அழகிய குட்டிக்கு அன்று. அடிபட்டுக் கிடந்த நாய்க்கு. நாட்டு நாயை இழிவாக எண்ணுவோர் திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர் நடுகல்லையும் ஒருமுறை பார்த்து வரலாம். மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அக்கல்லில், கள்வரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்னும் நாயின் பெயரும் உருவமும் வீரனோடு சேர்த்துப் பொறிக்கப்பட்டுள்ளன.

இனிக் குட்டியின் இயல்பைப் பார்ப்போம். இரண்டு மாதக் குட்டி என்பது வீட்டிற்கு வரும் இன்னொரு கைக்குழந்தை. நாளொன்றுக்கு மூன்று நான்கு முறை உணவு தர வேண்டும். இரவில் எழுந்து வெளியே கொண்டுசெல்ல வேண்டும். அதற்கு 28 பாற்பற்கள். அவை நான்கு மாதத்திலிருந்து ஆறு ஏழு மாதத்திற்குள் விழுந்து நிலைப்பற்கள் முளைக்கும். அக்காலம் முழுவதும் ஈறு தினவெடுத்துக் கண்டதையெல்லாம் கடிக்கும். குழந்தையின் விரலும் அதற்கு ஒன்றுதான், தாழ்வாரத்துத் தூணும் ஒன்றுதான். கடித்தால் எவ்வளவு வலிக்கும் என்பதைக் குட்டிகள் தம் தாயிடமும் உடன்பிறந்தவற்றிடமும் விளையாடியே கற்கின்றன. எட்டு வாரத்திற்கு முன் பிரிக்கப்பட்ட குட்டிக்கு அப்பாடம் குறைந்துவிடும். நடுவண் அரசின் 2017ஆம் ஆண்டு விதிகள் எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்பதைத் தடைசெய்கின்றன. ‘சிறிதாக இருக்கும்போதே எடுத்தால்தான் ஒட்டும்’ என்று சொல்லி ஐந்து வாரக் குட்டியைக் கையில் திணிப்பவரிடம் வாங்க வேண்டா.

விலைக்கு வாங்கும் குட்டியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் இராசபாளையம், சிப்பிப்பாறை இனங்களுக்கு மதிப்பு மிகுதி. இராசபாளையம் நாய்க்கு 2005ஆம் ஆண்டு அஞ்சல் தலையே வெளியாயிற்று. அவை நம் மண்ணின் செல்வம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் இராசபாளையம் காவலுக்கும் சிப்பிப்பாறை வேட்டைக்கும் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து வளர்க்கப்பட்டவை. முன்னது பெரும்பாலும் ஒருவரையே தலைவராகக் கொண்டு, புதியவரை ஐயுறும். பின்னது அணிலைக் கண்டாலும் முயலைக் கண்டாலும் துரத்தும். ஓர் உயிரை வளர்த்து மற்றோர் உயிரைக் கொல்லக் கொடுப்பது நமக்கு எப்படிப் பொருந்தும்? மேலும் விற்பனைக் குட்டிக்குப் பின்னால் ஒரு தாய் நாய் இருக்கிறது. ஈற்றுக்கு ஈறு ஓய்வின்றிக் குட்டி போட வைக்கப்படும் அத்தாயின் உடலும் பாரம் ஏற்றப்பட்ட உடலே என்பது என் எண்ணம். அதிபாரம் என்பதை வண்டி மாட்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதில்லை.

உணவுப் பகுதியில் தாய்மார்கள் மிகவும் தயங்குகிறார்கள். நம் அடுக்களையில் ஊன் கிடையாது. பூனை ஊனின்றி நலமாக வாழ இயலாத உயிர். நாய் அப்படியன்று. மனிதரோடு வாழ்ந்த நெடுங்காலத்தில் மாவுப் பொருளைச் செரிக்கும் ஆற்றல் அதற்கு மிகுந்துள்ளது என்று சுவீடன் நாட்டு உப்சாலா ஆய்வாளர்கள் 2013இல் அதன் மரபணுவைக் கொண்டு காட்டினர். வளர்ந்த நாய்க்குச் சோறு, கேழ்வரகு, வெந்த பருப்பு, காய்கறி ஆகியவற்றை அடிப்படையாகக் கொண்டு, குறைவனவற்றைக் கால்நடை மருத்துவர் சொல்லும் சத்துப்பொருள்களால் நிறைவு செய்யலாம். வளரும் குட்டிக்கோ புரதமும் சுண்ணாம்புச் சத்தும் அளவு தவறாமல் வேண்டும். வெறும் பாற்சோற்றில் வளர்த்தால் கால் வளைந்துபோகும். ஊன் தவிர்த்த நம் இல்லங்களில் குட்டியைவிட வளர்ந்த நாயே எளிது என்பதற்கு இதுவே வலிய காரணம். வெங்காயமும் பூண்டும் நாய்க்கு நஞ்சு. அவ்வகையில் நம் சமையல் முன்பே தூய்மையானது! ஆனால் திராட்சையும் உலர்ந்த திராட்சையும் ஆகா. பாயசம் வைத்த பாத்திரத்தை அதன் முன் வைக்கக் கூடாது. பகலிருக்க நாம் உண்ணும் வேளையிலேயே அதற்கும் உணவிட்டுப் பழக்கினால் அதுவும் அவ்வாறே பழகிக்கொள்ளும்.

குடற்புழு பற்றியும் கேட்கிறார்கள். உருண்டைப் புழு தாயின் கருப்பையிலும் பாலிலும் வழியாகக் குட்டிக்கு வருவது. தவழும் குழந்தைக்கும் அது பரவும். ஆகவே குட்டிக்கு இரண்டு வாரத்திலிருந்து பன்னிரண்டு வாரம் வரை இரு வாரத்திற்கு ஒருமுறை மருந்து தர வேண்டியிருக்கிறது. புழுவும் உயிர் அன்றோ? இல்லறத்தான் நீக்க வேண்டுவது கொல்ல வேண்டும் என்னும் எண்ணத்தோடு செய்யும் சங்கல்ப இம்சை. காப்பின் பொருட்டு நேர்வதை அவன் முற்றும் நீக்க இயலாது. தூய்மையால் குறைக்கலாம். கழிவை உடனுக்குடன் அகற்றுவதும் முற்றத்தைக் கழுவி உலர விடுவதும் அந்த யத்தினத்தில் அடங்கும்.

கருத்தடை அறுவை இதனினும் கடினமான வினா. உறுப்பறுத்தல் அதிசாரம் எனில், அறுவை செய்விப்பது குற்றமாகாதா? பெரியவர் ஒருவர் என்னிடம் இதனை வற்புறுத்திக் கேட்டார். தத்துவார்த்த சூத்திரம் இம்சையை வரையறுக்கும்போது, பிரமாதத்தோடு கூடிய செயலால் உயிர்ப்பிராணனைப் பிரித்தல் என்றே கூறுகிறது. கவனமின்மையும் கசாயமும் அங்கே அடிப்படை. அழகுக்காகக் காதை நறுக்குவதும் வாலை வெட்டுவதும் ஐயமின்றிச் சேதம் என்னும் அதிசாரம். மயக்கமருந்து தந்து மருத்துவர் செய்யும் அறுவையோ, ஆண்டுதோறும் பிறந்து சாலையிலும் பட்டினியிலும் மடியும் குட்டிகளின் துயரைத் தடுப்பது. இரண்டையும் ஒரு தட்டில் வைத்தல் பொருந்தாது. சென்னையில் 1959இல் தொடங்கப்பெற்ற புளூ கிராஸ் அமைப்பு, நாய்களைக் கொல்வதற்கு மாற்றாக 1964 முதலே இக்கருத்தடை முறையை வற்புறுத்தி வந்தது. 1996இல் சென்னை மாநகராட்சி அதனை ஏற்றது. 2001இல் நாடு முழுமைக்கும் விதிகள் வந்தன. 2023இல் அவை புதுப்பிக்கப்பட்டன. கொல்லாமையை அரசாங்கத்தின் நடைமுறையாக்கிய செயல் என்றே இதனை நான் கருதுகிறேன்.

நம் ஐந்து அதிசாரங்களையும் நாட்டுச் சட்டத்திலும் காணலாம் என்பது பலர் அறியாதது. மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் எடுத்த முயற்சியின் பயனாக 1960இல் மிருகவதைத் தடுப்புச் சட்டம் நிறைவேறிற்று. அதன் 11ஆம் பிரிவைப் பாருங்கள். அடித்தல், மிகுபாரம் ஏற்றுதல், குறுகிய அல்லது கனத்த சங்கிலியால் நெடுநேரம் கட்டுதல், உறுப்பறுத்தல், உணவும் நீரும் தராமை ஆகிய ஐந்தும் அங்கே குற்றங்கள். வளர்த்த உயிரைக் கைவிடுதலும் குற்றமே. எப்போதும் கட்டியே வைக்கும் நாய்க்கு உலாவ வழி செய்யாத உரிமையாளரும் அப்பிரிவில் அகப்படுவார். நான் வாழும் ஒக்கூரைச் சுற்றியுள்ள செட்டிநாட்டு ஊர்களில் பூட்டிய பெரிய வீடுகள் பல. வீட்டார் அயலூர் சென்ற பின், பழகிய வாயிலிலேயே படுத்துக் காத்திருக்கும் நாயைக் கண்டவர்க்குக் கைவிடுதல் ஏன் குற்றம் என்று விளக்க வேண்டியதில்லை.

இத்தகைய நாய்களே நம் தேர்வுக்கு உரியவை. வீட்டில் வாழ்ந்து பழகியவை. கழிப்பிட ஒழுங்கு அறிந்தவை. பெரும்பாலும் இரண்டு வயது கடந்தவை. குணமும் உடலளவும் நிலைத்துவிட்டமையால் நாளை எப்படி ஆகுமோ என்னும் கவலை குறைவு. ஆனால் ஆராயாமல் எடுக்கலாகாது. குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு, பெரியவர்கள் வெவ்வேறு நாள்களில் மூன்று முறையேனும் சென்று காண வேண்டும். உணவு உண்ணும்போது அருகில் சென்றால் உறுமுகிறதா? பாத்திரம் கீழே விழுந்தால் நடுங்கி ஒளிகிறதா, திரும்பிப் பார்த்துவிட்டு அமைதியாகிறதா? காலையும் காதையும் தொட விடுகிறதா? அதன் பின்பே குழந்தையோடு செல்க. குழந்தையைக் கண்டதும் உடல் விறைத்து, கண்ணின் வெள்ளை தெரிய நோக்கும் நாய் எவ்வளவு இரக்கத்திற்கு உரியதாயினும் அவ்வீட்டிற்கு உரியதன்று. அதனைப் பெரியவர் மட்டும் உள்ள இல்லத்திற்கு விட்டுவிட வேண்டும். முன்கதை ஒன்றுமே தெரியாத நாயை, யாரேனும் ஒருவர் தம் வீட்டில் சில வாரம் வைத்துப் பார்த்த பின்னரே எடுக்கலாம். மீட்போரிடமும் இதனைக் கேட்டு வாங்குக. இரக்கம் மிகுந்தவர்கள் சில வேளை நாயின் குறையை மறைத்துச் சொல்வதுண்டு.

எந்த நாயாயினும் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தையோடு தனியே விடக் கூடாது. ஒரு நிமிடம்கூட. குழந்தை முகத்தோடு முகம் வைத்து அணைப்பதை அன்பு என்று நாம் காண்கிறோம். நாய் அதனை அடைபட்ட நிலையாக உணர்கிறது. குட்டி கடித்தால் நஞ்சில்லை என்பது பொய். வெறிநோய்த் தடுப்பூசி மூன்று மாத அளவிலேதான் முதலில் போடப்படுகிறது. அதற்குமுன் குட்டிக்கும் அந்நோய் வரலாம். அது கடித்தாலும் பரவலாம். கடிபட்டால் ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்க. மஞ்சளும் மிளகாய்ப்பொடியும் அப்ப வேண்டா. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்னும் பழைய அச்சமும் வேண்டா. செம்மறியாட்டு மூளையிலிருந்து செய்த அம்மருந்தின் தயாரிப்பு 2004ஆம் ஆண்டு இறுதியோடு நம் நாட்டில் நின்றது. நம்மவர் சிலர் அதனைப் போட்டுக்கொள்ள மறுத்த காலமும் உண்டு. இன்று தோலினுள் போடும் முறையில் முதல் நாள், பின்னர் 3, 7, 28ஆம் நாள்களில் ஊசி போடுகின்றனர். காயம் ஆழமாயின் எதிர்ப்புப் புரத ஊசியும் உடன் வேண்டும்.

இரண்டு வயதுக் குழந்தையும் வேலைக்குச் செல்லும் பெற்றோரும் மட்டுமே உள்ள வீட்டிற்குக் குட்டியும் வேண்டா, வளர்ந்த நாயும் வேண்டா. அவர்கள் வாசலுக்கு வரும் தெரு நாய்க்கு வேளை தவறாது சோறும் நீரும் வைத்து, அதற்குத் தடுப்பூசியும் கருத்தடையும் செய்விக்கலாம். இரண்டு மூன்று ஆண்டு பொறுத்துப் பின்னர் முடிவு செய்யட்டும்.

நாய் வந்த வீடுகளில் பிள்ளைகளுக்குப் பாடத்தை இவ்வாறு நடத்துக. ஐந்து அதிசாரங்களையும் வடமொழிப் பெயரோடு ஒப்புவிக்கச் சொல்ல வேண்டா. கட்டாதே என்றால் விளையாட்டுக்காகக் கழுத்தில் கயிறு மாட்டாதே. அடிக்காதே என்றால் தூங்கும்போது மிதிக்காதே, கல்லெறியாதே. அறுக்காதே என்றால் வாலையும் காதையும் இழுக்காதே. பாரம் ஏற்றாதே என்றால் முதுகில் குதிரை ஏறாதே. தடுக்காதே என்றால் உண்ணும்போது தட்டைத் தொடாதே. வாரம் ஒன்றாகச் சொல்லிக் கொடுங்கள். மூன்று வயதுக் குழந்தைக்கு ஒரே ஒரு வேலை தரலாம்: காலையிலும் மாலையிலும் பெரியவர் உடன் நிற்க, வடிகட்டிய நீரைச் சிறு செம்பால் நாயின் பாத்திரத்தில் ஊற்றுதல். நாய் குடித்து முடித்து நகரும்வரை இரண்டடி தள்ளி நிற்கவும் பழக்குங்கள். சிறுவர்க்கு இரண்டாவதுதான் கடினம்.