தூளியைக் கடைசியில் அவிழ்ப்போம்: மழலையோடு வீடு மாறுவோருக்கு ஒரு பாடம்

மும்பையின் கிழக்குப் பகுதியில், டிராம்பே குன்றுகளின் அடிவாரத்தில் அமைந்துள்ளது அணுசக்தி நகர். 1954-இல் நிறுவப்பெற்று, 1967-இல் ஹோமி பாபாவின் பெயரைப் பெற்ற அணு ஆராய்ச்சி மையம் இக்குன்றுகளுக்கு அப்பால் உள்ளது. அங்குப் பணிபுரிவோருக்காக அணுசக்தித் துறை எழுப்பிய குடியிருப்பு இது. செம்பூர்ச் சந்தையில் முருங்கைக்காயும் வாழைப்பூவும், செட்டா நகர் முருகன் கோவிலில் கிருத்திகை வழிபாடும், மாட்டுங்காவில் மல்லிகைச் சரமும் கிடைப்பதால், இங்கு வாழும் தமிழ்க் குடும்பங்கள் ஊரை விட்டு வந்த உணர்வை நாளடைவில் மறந்துவிடுகின்றன. எனினும் இவ்வீடுகள் எவருக்கும் சொந்தமானவை அல்ல. பணிமாற்றமோ ஓய்வோ வந்தால் சாவியை ஒப்படைத்தல் வேண்டும்.

எங்களுக்கும் அத்தகைய ஆணை ஒரு மார்ச் மாதத்தில் வந்தது. கல்பாக்கத்துக்குப் பணிமாற்றம், மே மாத இறுதிக்குள் புறப்பட வேண்டும். அப்போது எங்கள் மகளுக்கு இருபத்திரண்டு மாதம். முன்பு இருவராக வீடு மாறிய அனுபவம் எங்களுக்கு இருந்தது. மழலையோடு மாறுவது வேறு பாடம் என்பதை அந்த இரண்டு மாதங்களில் கற்றோம். அதனை இங்குப் பகிர்ந்துகொள்கிறோம்.

குழந்தைக்கு விளங்குவது எது?

இரண்டு வயதுக் குழந்தைக்கு ‘அடுத்த மாதம்’ என்பது பொருளற்ற சொல். இங்கிருந்த நாற்காலி இப்போது இல்லை என்பதே அதற்குத் தெரியும். இரவில் நாங்கள் பெட்டியில் அடுக்கிய பாத்திரங்களை மகள் காலையில் ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைப்பாள். முதலில் இதனைக் குறும்பென்று கருதிக் கடிந்துகொண்டோம். பின்னர் உற்று நோக்கியபோது, ஒவ்வொரு பொருளையும் அது முன்பிருந்த இடத்திலேயே கொண்டுபோய் வைக்கிறாள் என்பதைக் கண்டோம். கலைந்த வீட்டை அவள் தன்னால் இயன்ற வரையில் சீர்செய்துகொண்டிருந்தாள்.

அதன்பின் முறையை மாற்றினோம். அவள் விளையாடும் கூடத்தைத் தொடாமல், பரண், அலமாரியின் மேல்தட்டு, விருந்தினர் அறை என அவள் கண்ணில் படாத இடங்களிலிருந்து தொடங்கினோம். அவளுக்கென ஒரு சிறிய அட்டைப்பெட்டியைக் கொடுத்தோம். அதில் தன் பொம்மைகளை இட்டும் எடுத்தும் அவள் விளையாடினாள். எங்கள் பெட்டிகள் தப்பின.

தூளியும் உறக்கமும்

எங்கள் பெரும் பிழை தூளியில் நேர்ந்தது. பாட்டியின் பழைய நூல்புடவையில் கட்டிய தூளியில்தான் மகள் பகலில் உறங்குவாள். ‘இனி வளர்ந்துவிட்டாள், தூளி எதற்கு?’ என்று எண்ணி, புறப்பாட்டுக்கு மூன்று வாரம் இருக்கும்போதே அதனை அவிழ்த்துத் துவைத்து மடித்துப் பெட்டியில் வைத்தோம். அன்று தொடங்கி மூன்று நாள் பகலுறக்கம் இல்லை, இரவிலும் அழுகை. நான்காம் நாள் பெட்டியைப் பிரித்துத் தூளியை மீண்டும் கட்டினோம். துவைத்ததால் பழகிய மணம் போயிருந்தது. அவள் முகர்ந்து பார்த்துச் சற்றே தயங்கி, பின்னர் உறங்கினாள்.

ஒன்று முதல் இரண்டு வயது வரையுள்ள குழந்தைக்குப் பகலுறக்கம் உட்பட நாளொன்றுக்கு 11 முதல் 14 மணி நேரம் உறக்கம் தேவை என உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. தாயிடமிருந்து சிறிது சிறிதாக விலகும் பருவத்தில் குழந்தை பற்றிக்கொள்ளும் துணி, பொம்மை போன்ற பொருள்களின் அருமையை ஆங்கிலேய மருத்துவர் டொனால்ட் வினிகாட் 1950-களின் தொடக்கத்திலேயே விளக்கியுள்ளார். எங்கள் வீட்டில் அப்பொருள் பாட்டியின் புடவை. வீடு மாறும் வேளையில் பழகிய பழக்கத்தை நிறுத்த முயல்வது தகாது. தூளி, பால் குவளை மறக்கடித்தல், தனிப்படுக்கை ஆகியவற்றைப் புதுவீட்டில் நிலைபெற்ற பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம். எழுந்து நிற்கும் வயதாதலால் தூளியைத் தரைக்கு அருகில் தாழ்வாகக் கட்டி, ஒருவர் உடனிருத்தல் நன்று.

காணாமற்போன அட்டை

அரசின் தடுப்பூசி அட்டவணைப்படி, தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசியின் இரண்டாம் தவணையும், முத்தடுப்பு ஊசியின் முதல் ஊக்கத் தவணையும் 16 முதல் 24 மாதங்களுக்குள் இடப்பெற வேண்டும். சளி, காய்ச்சல் என இருமுறை நாங்கள் ஒத்திப்போட்டிருந்தோம். இறுதியில் நாள் குறித்தபோது தடுப்பூசி அட்டையைக் காணவில்லை. ‘முக்கிய ஆவணங்கள்’ என்று எழுதி ஒட்டிய பெட்டியில் அதனைப் பத்திரமாக வைத்து, அதன்மேல் பதினோரு பெட்டிகளை அடுக்கியிருந்தோம்! நள்ளிரவு வரை பெட்டிகளை இறக்கித் தேடி எடுத்தோம். மறுநாள் ஊசி இடப்பெற்றது, அட்டையிலும் பதிவாயிற்று.

அன்றே ஒரு தோள்பையை ஒதுக்கினோம். தடுப்பூசி அட்டை, பிறப்புச் சான்றிதழ், குழந்தையின் ஆதார், வழக்கமான மருந்துகள், வெப்பமானி, இரண்டு மாற்றுடை ஆகியன அதில் இருந்தன. அப்பை எந்த வண்டியிலும் ஏறாது. எங்கள் தோளில் மட்டுமே இருக்கும் என முடிவு செய்தோம். ஆவணங்களின் நகல்களைக் கைப்பேசியிலும் சேமித்தோம்.

கட்டும் நாள்களில் வீடே குழந்தைக்கு ஆபத்தான இடமாகிறது. கத்தரி, நெகிழிப் பைகள், அந்துருண்டைகள், தரை துடைக்கும் திரவங்கள், நீர் நிறைந்த வாளிகள், சுவரிலிருந்து கழற்றிச் சாய்த்து வைத்த அலமாரிகள் ஆகியன அதன் கைக்கும் காலுக்கும் எட்டும் தூரத்தில் கிடக்கின்றன. எனவே ஒருவர் பொருள்களைக் கட்டினால் மற்றவர் குழந்தையைப் பார்ப்பது என வகுத்துக்கொண்டோம். இருவரும் ஒரே வேளையில் பெட்டி கட்டுவதில்லை என்பதே எங்கள் முதல் விதி.

வங்கியில் செய்யவேண்டியவை

வீட்டுப் பொருள்களைக் காட்டிலும் முன்னதாகவே இடம் மாறத் தொடங்கவேண்டியது முகவரி. சேமிப்புக் கணக்கை அதே வங்கியின் வேறு கிளைக்கு மாற்றும்போது கணக்கு எண் பொதுவாக மாறுவதில்லை. கிளைக்குரிய ஐஎஃப்எஸ்சி எண் மாறும். ஆகவே ஊதியம், காப்பீட்டுத் தவணை, பரஸ்பர நிதி முதலீடு ஆகியவற்றுக்கு எந்த எண் கொடுக்கப்பட்டுள்ளது என்று ஒரு தாளில் எழுதி வைத்தல் பயனுள்ளது. மகள் பெயரில் சுகன்யா சம்ரித்தி கணக்கோ, பெற்றோர் பெயரில் பொது வருங்கால வைப்பு நிதிக் கணக்கோ இருப்பின், அவற்றையும் புதிய ஊருக்கு மாற்றிக்கொள்ள இயலும். கணக்கை முடிக்க வேண்டியதில்லை.

புதிய ஊரில் உடனே முகவரிச் சான்று கிடைப்பது அரிது. அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் வழங்கும் குடியிருப்பு ஒதுக்கீட்டுக் கடிதத்தை இடைக்காலச் சான்றாக ஏற்க ரிசர்வ் வங்கியின் நெறிமுறைகள் இடமளிக்கின்றன. ஆயினும் மூன்று மாதங்களுக்குள் புதிய முகவரி கொண்ட ஆதார் முதலிய ஆவணத்தை அளித்தல் வேண்டும்.

எங்களை மிகவும் கவலைக்குள்ளாக்கியது பாதுகாப்புப் பெட்டகம். அதனைக் கிளைவிட்டுக் கிளை மாற்ற இயலாது; இங்கு ஒப்படைத்து, அங்குப் புதிதாகப் பெற வேண்டும். 2022 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள விதிகளின்படி, தீ, திருட்டு, ஊழியர் மோசடி ஆகியவற்றால் பெட்டகப் பொருளுக்கு இழப்பு நேரின், ஆண்டு வாடகையின் நூறு மடங்கு வரை வங்கி பொறுப்பேற்கும். பெட்டகத்தை விட்டு நகை வெளியே வந்தபின் அப்பொறுப்பு நம்முடையது. எனவே பொருள்களோடு நகைகளையும் கொண்டுசெல்லவில்லை. புதிய கிளையில் முன்னதாகவே விண்ணப்பித்துக் காத்திருப்பு எண்ணைப் பெற்றோம். பெட்டகம் கிடைத்த பின்னரே ஒருவர் மும்பைக்குச் சென்று நகைகளை எடுத்துவந்தோம். சில மாத வாடகை கூடுதலாயிற்று. இரவில் உறக்கம் கெடவில்லை.

செலவும் பயணமும்

பணிமாற்றம் பெறும் மத்திய அரசு ஊழியருக்கு அடிப்படை ஊதியத்தில் 80 விழுக்காடு வரை இடமாற்றக் கொடை கிடைக்கிறது. ஆயினும் செலவு முன்னும் வரவு பின்னுமாக அமைவதுண்டு. ஆகவே ஒரு மாதக் குடும்பச் செலவுக்கு ஈடான தொகையைத் தொடாமல் தனியே வைத்தோம். பொருள் ஏற்றும் நிறுவனத்திடம் எழுத்து வடிவில் பொருட்பட்டியல், காப்பீடு, மொத்தக் கட்டணம் மூன்றையும் கேட்டுப் பெற்றோம். முழுத் தொகையை முன்கூட்டியே செலுத்தவில்லை. மும்பையில் பருவமழை வழக்கமாக ஜூன் 11-ஐ ஒட்டித் தொடங்குவதால், மே மாதத்திலேயே லாரி புறப்பட்டது.

சென்னைக்கு இரயில் பயணம் ஏறத்தாழ ஒரு நாள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தனிப்படுக்கை கேட்காவிடில் கட்டணம் இல்லை. எரிவாயு உருளையை இரயிலில் கொண்டுசெல்லுதல் கூடாது. அதனை முகவரிடம் ஒப்படைத்து மாற்றுச் சீட்டுப் பெறுவதே முறை.

புறப்பட்ட காலையில் வீடு வெறுமையாக இருந்தது. கொக்கியில் தூளி மட்டும் தொங்கியது. மகளை எழுப்பிய பின்னர் அதனைத் துவைக்காமல் சுருட்டித் தோள்பையில் வைத்தோம். கல்பாக்கத்து வீட்டில் கொக்கி உண்டா என்று முன்பே கேட்டறிந்திருந்தோம். அங்கு அடுப்பு மூட்டுமுன் தூளியைக் கட்டினோம். மகள் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பழைய வீட்டின் கதவு எங்கே என்று தன் மழலையில் கேட்டாள். விடை சொல்ல எங்களுக்குத் தெரியவில்லை. பின்னர் தானே தூளியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வீட்டில் கலந்து பேச

1. நம் குழந்தை உறங்குவதற்கு இன்றியமையாத பொருள் எது? அது எந்தப் பையில் செல்லும்?
2. அடுத்த மூன்று மாதங்களில் இடவேண்டிய தடுப்பூசி உண்டா? அட்டை எங்கே உள்ளது?
3. எந்தெந்த இடங்களில் நம் பழைய முகவரியும் கிளை எண்ணும் பதிவாகியுள்ளன?
4. பெட்டி கட்டும் வேளையில் குழந்தையோடு இருப்பவர் யார்?

இந்நான்கு வினாக்களுக்கும் விடை எழுதிய பின்னர் முதற் பெட்டியை ஒட்டலாம்.