முட்டையா, கல்லா?

2020ஆம் ஆண்டு அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டத்தில் ஒரு செய்தி காட்டுத்தீபோல் பரவியது. குன்னம் பகுதியில் மண் தோண்டியபோது பெரிய உருண்டைக் கற்கள் வெளிப்பட்டன. "டைனோசர் முட்டைகள்!" என்றனர் கண்டவர், கேட்டவரும் நம்பினர். அரியலூர் வட்டாரத்தில் டைனோசர் எலும்புகள் கிடைத்திருப்பதால் அவர்கள் அவ்வாறு எண்ணியதில் வியப்பில்லை. ஆனால் நிலவியல் அறிஞர்கள், இவை முட்டைகள் அல்ல, அம்மோனைட் என்னும் கடலுயிரின் எச்சத்தைச் சுற்றித் திரண்ட கற்களே என்று விளக்கினர். இத்தகைய கற்கள் எவ்வாறு உருவாகின்றன என்று காண்போம்.

சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்நிலப்பகுதி கடலாக இருந்தது. ஆறுகள் கொண்டுவந்த மணலும் சேறும் கடலடியில் அடுக்கடுக்காகப் படிந்தன. அக்கடலில் வாழ்ந்த அம்மோனைட், மீன் சந்தையில் நாம் காணும் கணவாய்க்கு உறவு. ஆட்டுக்கொம்புபோல் சுருண்ட ஓடு உடையது. அது இறந்து மணலுள் புதைந்ததும் நுண்ணுயிர்கள் அதன் உடலைச் சிதைக்கின்றன. அதனால் சுற்றிலுமுள்ள நீரின் தன்மை மாறுகிறது. நீரில் கரைந்திருந்த சுண்ணாம்புப் பொருள் பிரிந்து, மணல்மணிகளின் இடுக்குகளில் கால்சைட் என்னும் கனிமமாகப் படிகிறது. கொத்தனார் கலவையில் சிமெண்டு மணலை இறுக்குவதுபோல் அது மணிகளை ஒட்டவைக்கிறது.

இதற்கு நம் அடுக்களையிலேயே சான்று உண்டு. சர்க்கரைப் பாகில் கட்டிய நூலைப் பற்றிக்கொண்டே கற்கண்டு விளைகிறது. இங்கே நூலின் வேலையைச் செய்வது சிப்பியோ மரத்துண்டோ ஆகும். நசரத்பேட்டையில் நம் வீடுகளிலும், கடினநீரைக் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெண்மையாகப் படிவது பெரும்பாலும் இதே சுண்ணாம்புப் பொருள்தான்.

எல்லாப் பக்கமும் சமமாக வளர்ந்தால் கல் உருண்டையாகிறது. நீர் அடுக்கின் வழியே எளிதாகப் பரவினால் தட்டையாகிறது. சில இடங்களில் இரும்புச் சத்தோ சிலிக்காவோ சுண்ணாம்பின் இடத்தை ஏற்பதுண்டு. பின்னர் நிலம் உயர்ந்து கடல் விலக, மழையும் வெயிலும் மென்மையான பாறையைக் கரைத்தெடுக்க, கடினமான உருண்டை மட்டும் எஞ்சி நிற்கிறது.

முட்டையிலிருந்து இதனை எவ்வாறு பிரித்தறிவது? அமிலத்துளி விட்டுப் பார்த்தால் போதாது. முட்டை ஓடும் சுண்ணாம்பே ஆதலால் இரண்டும் நுரைக்கும். முட்டைக்கு நுண்துளைகள் கொண்ட மெல்லிய ஓடு தனியே இருக்கும். திரண்ட கல்லுக்கு அது இல்லை. அதன் உள்ளேயும் சுற்றுப்பாறையின் மணலே இருக்கும். பாறையின் படிவுக் கோடுகள் கல்லினூடேயும் தொடர்ந்து சென்றால் ஐயமே வேண்டாம். மணல் முதலில் படிந்தது, கல் பிறகு அங்கேயே திரண்டது என்பதற்கு அக்கோடுகளே சாட்சி.

இங்கே நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கல்லை ஆசையாகப் பெயர்த்து வீட்டுக்குக் கொண்டுவந்தால் அந்தச் சாட்சி அழிந்துவிடும். எந்த அடுக்கில், எவற்றோடு இருந்தது என்று பிறகு எவராலும் சொல்ல இயலாது. ஆகவே மாணவியரே, இத்தகைய கல்லைக் கண்டால் தொடாமல் படம் எடுங்கள். இடத்தைக் குறித்துக்கொண்டு ஆசிரியரிடம் கூறுங்கள். பெற்றோர் விடுமுறையில் அழைத்துச் சென்றால், வாரணவாசியிலுள்ள அரியலூர் புதைபடிவ அருங்காட்சியகத்தையும், சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரத்தையும் கண்டு வாருங்கள்.

குன்னத்தில் கிடைத்தவை முட்டை அல்ல என்று ஏமாற வேண்டியதில்லை. இன்று கடற்கரையிலிருந்து வெகுதொலைவில் உள்ள அவ்வூர் ஒருகாலத்தில் கடலடியாக இருந்தது என்பதை அக்கற்களே நமக்குக் கற்பிக்கின்றன.