முதுமையில் ஊர் விட்டு ஓதிக்கொடுக்கப் போகலாமா?

கோவிலம்பாக்கத்தில் நம் மஹல்லாவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் சென்ற மாதம் அஸர் தொழுகைக்குப் பின் நம்மிடம் வந்து அமர்ந்தார். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர், பென்ஷன் வருகிறது, பிள்ளைகள் ஆளுக்கொரு திசையில் இருக்கிறார்கள். அந்தமானில் ஒரு சிற்றூர் ஜமாஅத்தார், பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும் ஓதிக்கொடுக்கக் கணவன் மனைவியாக யாராவது வந்து தங்கினால் வீடு தருகிறோம் என்று அவரிடம் கேட்டிருக்கிறார்கள். "ஹஜ்ரத், எனக்கு 63, வீட்டில் 58. இந்த வயதில் இது முறைதானா? வீட்டில் கேட்டால் வாய் திறக்கவில்லை" என்றார்.

அன்று அவருக்குச் சொன்னதையே சற்று விரித்து இங்கே எழுதுகிறோம்.

உமர் (ரலி) அவர்களுடைய கிலாபத்தின்போது ஷாம் தேசத்திலிருந்து யஸீது இப்னு அபீஸுப்யான் (ரலி) அவர்கள் ஒரு கடிதம் எழுதினார்கள். மக்கள் பெருகிவிட்டனர், குர்ஆனையும் மார்க்கத்தையும் கற்றுக்கொடுக்க ஆள் வேண்டும் என்பது செய்தி. குர்ஆனை முழுமையாகப் பெற்றிருந்த அன்ஸாரிகள் ஐவரைக் கலீபா அழைத்தார்கள். அபூஅய்யூப் (ரலி) அவர்கள் முதியவர், உபை இப்னு கஃபு (ரலி) அவர்கள் நோயாளி. ஆகவே முஆது, உபாதா, அபுத்தர்தா (ரலி) ஆகிய மூவரும் புறப்பட்டனர். முதலில் ஹிம்ஸ் நகரில் தொடங்குங்கள், அங்கே வேலை நிலைத்த பின் ஒருவர் அங்கே தங்க, மற்றவர்கள் திமிஷ்குக்கும் பலஸ்தீனுக்கும் செல்லுங்கள் என்பது கலீபாவின் ஏற்பாடு. ஹிம்ஸில் தங்கியவர் உபாதா இப்னு ஸாமித் (ரலி) அவர்கள். அப்போது அன்னாருக்கு வயது 55ஐ ஒட்டியிருக்கும். அம்வாஸ் கொள்ளைநோயில் முஆது (ரலி) அவர்கள் வபாத்தானதும் உபாதா (ரலி) அவர்கள் பலஸ்தீனுக்குச் சென்று, ஹிஜ்ரி 34ல் தமது 72ஆம் வயதில் அங்கேயே மறைந்தார்கள். மதீனாவுக்குக் குடிதிரும்பவில்லை.

முதியவர் என்று விடப்பட்ட அபூஅய்யூப் (ரலி) அவர்களும் வீட்டில் அடங்கியிருக்கவில்லை. ஹிஜ்ரி 50ஐ ஒட்டிய ஆண்டுகளில் குஸ்தன்தீனிய்யாவின் மதிலருகே வபாத்தாகி, இன்றைய இஸ்தான்பூலில் அடங்கியிருக்கிறார்கள்.

உபாதா (ரலி) அவர்களின் துணைவியார் உம்முஹராம் (ரலி) அவர்கள். நாயகத்தின் பணியாளராகப் பத்து வயதில் சேர்ந்த அனஸ் (ரலி) அவர்களுக்குத் தாயின் உடன்பிறந்தவர். குபாவுக்குச் செல்லும்போது கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் இந்த அம்மையார் வீட்டில் உணவருந்திச் சற்றுக் கண்ணயர்வதுண்டு. ஒருநாள் புன்னகையுடன் விழித்து, தமது உம்மத்தில் ஒரு கூட்டத்தார் அறப்போருக்காகக் கடல்மீது செல்வதைக் கனவில் கண்டதாகக் கூறினார்கள். அப்போது அம்மையார் கேட்ட கேள்வியைக் கவனியுங்கள். என் கணவர் அவர்களில் இருப்பாரா என்று கேட்கவில்லை. என்னை அவர்களில் ஒருத்தியாக ஆக்கும்படி அல்லாஹ்விடம் துஆச் செய்யுங்கள் என்றுதான் கேட்டார்கள். நாயகமும் துஆச் செய்தார்கள். புகாரியில் உள்ள செய்தி இது.

உதுமான் (ரலி) அவர்கள் காலத்தில், ஹிஜ்ரி 28ல், முஆவியா (ரலி) அவர்களின் தலைமையில் சைப்ரஸ் தீவுக்குக் கப்பல்கள் சென்றபோது கணவருடன் அம்மையாரும் சென்றார்கள். கணவருக்கு அப்போது 66 வயது. அம்மையாரின் சகோதரி மகன் அனஸுக்கே 38 ஆகியிருந்தது. அம்மையாரின் வயதை நீங்களே கணித்துக்கொள்ளலாம். கரையிறங்கியபின் ஏறிய வாகனப் பிராணி கீழே தள்ளி, அங்கேயே ஷஹீதானார்கள்.

இதனால்தான் பெரியவரிடம் முதலில், "பாய், உங்கள் வயதை விடுங்கள், வீட்டில் என்ன நினைக்கிறார்கள் என்று தெரிந்து வாருங்கள்" என்றோம். நிகாஹில் கன்னிப்பெண்ணின் மௌனம் சம்மதம். 58 வயது அம்மாவின் மௌனத்துக்கு அந்தப் பொருள் இல்லை! மனைவியை அவள் விருப்பமின்றித் தூரதேசம் கொண்டுபோகக் கூடாது என்று பிற்கால ஹனபி உலமாக்கள் பலர் பத்வா கொடுத்திருக்கிறார்கள். அதிலும், அந்த ஊர்ப் பெண்களுக்கு ஓதிக்கொடுக்கப் போவது அந்த அம்மாதான். வேலையில் பாதி அவர்களுடையதாயிருக்க, நிய்யத்து மட்டும் கணவருடையதாக இருந்தால் எப்படி?

நம் வீட்டில் போய்ப் பேசினார்கள். அம்மாவுக்கு வயதும் தடையில்லை, கடலும் தடையில்லை. "அங்கேயே மௌத்தாகிவிட்டால் பிள்ளைகள் ஜனாஸாவுக்கு வந்து சேர்வார்களா?" என்பது ஒன்றுதான் மனத்தில் இருந்தது. நியாயமான கவலை. சென்னையிலிருந்து கப்பலில் ஏறக்குறைய மூன்று நாள். விமானமும் நினைத்த நேரத்தில் கிடைத்துவிடாது. அதை மறைக்கக் கூடாது. ஆனால் மதீனாவில் பிறந்து மதீனாவிலேயே வபாத்தான ஒருவருக்கு நாயகம் (ஸல்) அவர்கள் ஜனாஸாத் தொழுவித்துவிட்டு, இவர் பிறந்த ஊரல்லாத இடத்தில் மௌத்தாகியிருக்கலாமே என்றார்கள். காரணம் கேட்டபோது, பிறந்த இடத்திலிருந்து கடைசிச் சுவடு பதிந்த இடம்வரை அளந்து சுவர்க்கத்தில் அவருக்கு இடம் கிடைக்கும் என விளக்கினார்கள். நஸாயீயிலும் இப்னுமாஜாவிலும் இது உள்ளது. உம்முஹராம் (ரலி) அவர்களின் அடக்கத்தலம் சைப்ரஸில் லார்னகா என்ற ஊரில் உப்பு ஏரிக்கரையில் இருக்கிறது. நம் பள்ளிக்கரணைச் சதுப்பில் வந்து இறங்குகிறதே பூநாரை, அதே இனம் அந்த ஏரிக்கும் வருகிறது. இதை அந்த அம்மாவிடம் சொன்னபோது சிரித்தார்களாம்.

போன இடத்தில் எல்லாம் சுமுகமாயிருக்கும் என்று எண்ணிப் போகவேண்டாம். உபாதா (ரலி) அவர்களுக்கே சுமுகமாயில்லை. தங்கத் துண்டுகளைத் தீனாருக்கும் வெள்ளித் துண்டுகளைத் திர்ஹமுக்கும் மக்கள் மாற்றுவதைக் கண்டு, இது வட்டியாகும் என்று எச்சரித்தார்கள். முஆவியா (ரலி) அவர்களுக்கு வேறு கருத்து. நாயகத்தின் சொல்லை நான் கூற, நீர் உம் கருத்தைக் கூறுகிறீரே என்று மனம் நொந்து, உபாதா (ரலி) அவர்கள் மதீனாவுக்கே திரும்பிவிட்டார்கள். உமர் (ரலி) அவர்கள் விசாரித்துவிட்டு, உம்மைப் போன்றவர் இல்லாத ஊர் என்ன ஊர், உம் இடத்துக்கே திரும்பும் என்று அனுப்பிவைத்தார்கள். அவர்மீது உமக்கு அதிகாரமில்லை என்று முஆவியா (ரலி) அவர்களுக்கும் எழுதினார்கள். ஓதிக்கொடுக்கப் போகிறவர் பொறுமையாயிருந்தால் மட்டும் போதாது, அனுப்புகிறவர்களும் அழைக்கிறவர்களும் அவருக்குத் துணை நிற்கவேண்டும். ஆளைக் கூட்டிவந்து வைத்துவிட்டு, முதல் சச்சரவிலேயே கைவிடும் ஜமாஅத்துகளை நாமும் கண்டிருக்கிறோம்.

ஊதியம் பற்றியும் கேட்டார். உபாதா (ரலி) அவர்கள் திண்ணைத் தோழர்களுக்கு ஓதிக்கொடுத்தபோது ஒருவர் வில் ஒன்றை அன்பளிப்பாகத் தந்தார். நாயகம் (ஸல்) அவர்கள் அதைப் பற்றிக் கடுமையாக எச்சரித்தார்கள். அபூதாவூதில் உள்ளது. ஆயினும் ஓதிக்கொடுப்பதற்குச் சம்பளம் கூடுமென்பது ஷாபிஈ மத்ஹபின் சட்டம். பிற்கால ஹனபி இமாம்களும் தேவை கருதி அனுமதித்துவிட்டனர். சம்பளம் வாங்கும் ஏழை இமாமை யாரும் குறைவாகப் பேசவேண்டாம். பென்ஷன் வருகிறவருக்கு அது வேண்டாமென்றால், வாங்காதிருப்பது அழகு.

இனித் தொழுகை. போகும் வழியில் கஸ்ரு. சேர்ந்த ஊரில் 15 நாளோ மேலோ தங்க நிய்யத்து வைத்தால் ஹனபிகள் முழுமையாகத் தொழவேண்டும். ஷாபிஈகளுக்குப் போகும் நாளும் வரும் நாளும் நீங்கலாக 4 நாள். இரண்டு வருஷம் இருந்துவிட்டு வருவோம் என்று போனால் கோவிலம்பாக்கம்தான் இன்னும் அவர்களுக்குச் சொந்த ஊர். ஒருநாள் வந்துபோனாலும் இங்கே முழுமையாகத் தொழவேண்டும். இனி அதுவே நம் ஊர் என்று வீட்டை ஒழித்துக் குடும்பத்தோடு நிலைத்துவிட்டால், ஹனபி சட்டப்படி இது சொந்த ஊர் என்ற நிலையை இழக்கிறது. நாயகம் (ஸல்) அவர்கள் தாம் பிறந்த மக்காவிலேயே, இறுதி ஹஜ்ஜின்போது, பயணியாக இரண்டு ரக்அத்துகள்தாம் தொழுதார்கள்.

பெரியவர் வீட்டை வாடகைக்கு விடுவதா, விற்றுவிடுவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. முடிவு செய்தபின், பிள்ளைகளைப் பார்க்க இங்கே வரும்போது லுஹர் நான்கா இரண்டா என்பதை வந்து சொல்கிறோம் என்று கூறியிருக்கிறோம். வல்லாஹு அஃலம்.