நினைவகத்திற்குத் துணையாகும் வட்டு

கம்ப்யூட்டரில் செய்திகள் தங்கும் இடங்கள் இரண்டு. முதன்மை நினைவகம் விரைந்து செயற்படும். ஆயின் மின்சாரம் நின்றதும் அதிலுள்ளவை அழியும். வட்டு மெதுவானது, எனினும் பெருங் கொள்ளளவுடையது, மின்சாரமின்றியும் செய்திகளைக் காப்பது. நினைவகம் போதாதபோது வட்டின் ஒரு பகுதியை அதற்குத் துணையாகக் கொள்வதே மெய்நிகர் நினைவக முறையின் முக்கியப் பயன்.

தாலுகா அலுவலகம் ஒன்றை எண்ணிப் பார்ப்போம். எழுத்தரின் மேசை சிறிது, பதிவறை பெரிது. கையாளும் கோப்புகள் மேசைமீது இருக்கும். நெடுநேரம் தொடாதவை பதிவறைக்குச் செல்லும். எது எங்குள்ளது என்பதை ஒரு பதிவேடு காட்டும். கம்ப்யூட்டரும் இவ்வாறே நினைவகத்தைப் பெரும்பாலும் 4,096 பைட்டு கொண்ட பக்கங்களாகப் பிரித்து, பக்க அட்டவணையில் அவற்றின் இருப்பிடத்தைக் குறிக்கிறது. வேண்டிய பக்கம் நினைவகத்தில் இல்லையெனில், வேலையைச் சற்றே நிறுத்தி, வட்டிலிருந்து அதனைக் கொணரும். இடமில்லையெனில் பழைய பக்கம் ஒன்று வெளியேறும். அது மாற்றம் பெற்றிருந்தால் வட்டில் எழுதப்படும். மாறாத நிரற்பக்கத்தின் மூலப்பிரதி முன்னரே வட்டில் இருப்பதால் அதனை எழுத வேண்டுவதில்லை.

இம்முறை 1962-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கம்ப்யூட்டரில் கையாளப்பட்டது. அங்கே வட்டிற்குப் பதிலாகக் காந்த உருளை பயன்பட்டது. 1985-ல் வெளிவந்த இன்டெல் 80386 சில்லு, பக்கமுறையைத் தனிநபர் கம்ப்யூட்டர்களுக்கும் கொணர்ந்தது.

பெங்களூர் மல்லேஸ்வரத்தை அடுத்துள்ள இந்திய விஞ்ஞானக் கழகத்தின் பேராசிரியர்களும் என்கோர் நிறுவனத்தினரும் சேர்ந்து வடிவமைத்து, 2001-ல் அறிமுகம் செய்த சிம்ப்யூட்டர் என்னும் கையடக்கக் கருவியில் சுழலும் வட்டு இல்லை. ஃபிளாஷ் நினைவகமே இருந்தது. மீண்டும் மீண்டும் எழுதினால் ஃபிளாஷ் தேயும். ஆகவே இத்தகைய சிறு கருவிகளில் நிரல்களை நினைவகத்திற்குள் அடங்குமாறு அமைப்பதே வழக்கம்.

சுழலும் வட்டை அணுக ஏறத்தாழ 10 மில்லிசெகண்டு ஆகும். நினைவகத்திற்கு 100 நானோசெகண்டே போதும். வேறுபாடு ஒரு லட்சம் மடங்கு! பல நிரல்களை ஒருங்கே திறந்தால், பக்கங்களை மாற்றுவதிலேயே காலம் கழிந்து வேலை தேங்கும். வட்டும் நிரம்பிவிட்டால் துணைக்கோப்பு வளர இடமிராது, நிரல் நின்றுவிடக்கூடும், சேமிக்காத கணக்கெடுப்புப் பதிவுகள் ஒரு நொடியில் மறையும். ஆகையால் களப்பணியாளர் மூன்றனை நினைவிற் கொள்க: வட்டில் போதிய இடம் விடுக, வேண்டாத நிரல்களை மூடுக, பதிவுகளை அடிக்கடி சேமிக்க. விண்டோஸில் ‘பேஜ்ஃபைல்’ என்னும் பெரிய கோப்பைக் கண்டு, வீணென்று கருதி நீக்க முயல வேண்டா, துணையிடம் அதுவே. வேலை அடிக்கடி தேங்கின் நினைவகத்தைப் பெருக்குவதே தக்க பரிகாரம்.

வகுப்பில் கேட்க:

1. 4 கிகாபைட்டு நினைவகத்தில் 4,096 பைட்டுப் பக்கங்கள் எத்தனை? (விடை: 10,48,576)

2. மாறாத பக்கத்தை வட்டில் ஏன் எழுத வேண்டுவதில்லை?