மல்லிகையில் இலை மஞ்சளிப்பது ஏன்?

மதுரை, திண்டுக்கல், ஈரோடு முதலிய மாவட்டங்களில் அரை ஏக்கருக்கும் குறைந்த நிலத்தில் குண்டுமல்லி பயிரிட்டு, விடியுமுன் மொட்டுப் பறித்து, அன்றே மண்டியில் விற்று, அந்தக் காசில் அன்றைய அடுப்பை எரிக்கும் குடும்பங்கள் பல உள்ளன. நெல்லும் கரும்பும் அறுவடை நாளில்தான் பணம் தரும். மல்லிகையோ பருவம் முழுவதும் கையில் சில்லறை புழங்கச் செய்வது. மதுரை மல்லி 2013-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றதும் யாவரும் அறிந்ததே. ஒரு முறை நட்ட செடி மூன்றாம் ஆண்டு முதல் நல்ல மகசூல் தரத் தொடங்கிப் பத்தாண்டுகளுக்கு மேலும் பலன் தரும். ஆகவே ஒரு செடி பட்டுப்போனால் இழப்பது ஒரு பருவத்து விளைச்சல் மட்டும் அன்று, பல்லாண்டு வருமானம் என்பதை மனத்திற் கொள்ள வேண்டும்.

இத்தகைய செடியின் இலை மஞ்சளித்தவுடன் பெரும்பாலோர் செய்வது என்ன? அருகிலுள்ள உரக்கடைக்குச் சென்று ஒரு மூட்டை யூரியா வாங்கி வந்து தூரில் கொட்டுவதே. மஞ்சள் என்றால் தழைச்சத்துக் குறைவு என்ற எண்ணம் நம் கிராமங்களில் ஆழ வேரூன்றியிருக்கிறது. அது ஒரோவழி உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் மல்லிகையில் மஞ்சளிப்புக்கு முக்கியமாகச் சொல்லப்படும் காரணங்கள் வேறு மூன்று: இரும்புச் சத்துக் குறைவு, நூற்புழுத் தாக்குதல், வேரழுகல். இம்மூன்றில் எதற்கும் யூரியா மருந்தாகாது. வேரழுகலுக்கோ அது கேடே செய்யும்.

காரணத்தை அறிய ஆய்வுக்கூடத்திற்கு ஓட வேண்டிய அவசியம் முதலில் இல்லை. செடியின் முன் சற்றே உட்கார்ந்து, முதலில் மஞ்சளித்தது மேல் இலையா, கீழ் இலையா என்று பார்த்தால் பாதி வேலை முடிந்தது. தழைச்சத்து செடிக்குள் இடம் பெயரக் கூடியது. பற்றாக்குறை வரும்போது செடி தன் முதிய இலைகளிலிருந்து அச்சத்தை உறிஞ்சித் தளிருக்கு அனுப்பிவிடும். ஆதலின் அடி இலைகள் முழுவதும் ஒரே சீராக வெளிறும், தளிர் ஓரளவு பசுமையாகவே நிற்கும். இரும்பு அவ்வாறு எளிதில் பெயர்வதன்று. பழைய இலையில் தங்கியது அங்கேயே தங்கிவிடும். எனவே குறைவு வந்தால் தளிரே முதலில் வாடுகிறது. நரம்புகள் பச்சை வலை போலத் தெரிய, அவற்றிடையே உள்ள பகுதி எலுமிச்சை நிறமாகும். முற்றினால் தளிர் வெண்மையாகவே ஆகிவிடுவதும் உண்டு. அடியிலைகளில் நரம்பு பசுமையாய் இருக்க இடைப்பகுதி மட்டும் மஞ்சளித்தால் மக்னீசியக் குறைவு என்று ஐயுறலாம்.

இரும்புக் குறைவு என்றவுடன் மண்ணில் இரும்பே இல்லை என்று கருதிவிடலாகாது. நம் செம்மண்ணின் சிவப்பே இரும்பின் நிறந்தான். சுக்கான் கற்கள் கலந்த நிலத்திலும், கார அமில நிலை எட்டை நெருங்கிய அல்லது தாண்டிய நிலத்திலும், இரும்பு கரையாத உருவில் அடைபட்டுக் கிடக்கிறது. உவர்ப்புக் கிணற்று நீரிலுள்ள பைகார்பனேட்டு உப்பும் இத்தீங்கை மிகுவிக்கும். வீட்டில் பெட்டி இருக்கிறது, சாவிதான் இல்லை என்பது போன்ற நிலை இது. அத்தகைய நிலத்தில் தூரில் இரும்பு உப்பைத் தூவினால் அதுவும் விரைவில் அடைபட்டுப் போகும். நன்கு மக்கிய தொழுவுரத்தோடு கலந்து இட்டால் ஓரளவு பலன் உண்டு. இலை வழியாக ஊட்டுவதே விரைவான வழி. நாட்டு மருந்துக் கடைகளில் அன்னபேதி என்று விற்கும் இரும்பு சல்பேட்டை லிட்டர் நீருக்கு 5 கிராம் வீதம், அதாவது பத்து லிட்டர் தெளிப்பானுக்கு 50 கிராம், கரைத்து மாதம் ஒருமுறை பசுமை திரும்பும் வரை தெளிக்க வேண்டும். படிகங்கள் வெளிர் பச்சையாக இருத்தல் அவசியம். பழுப்பேறியவை காற்றுப்பட்டுக் கெட்டவை. அவற்றை வாங்க வேண்டா. லிட்டருக்கு ஒரு கிராம் சிட்ரிக் அமிலம் சேர்த்தால் கரைசல் துருவேறாமல் இருக்கும். மாலையில் வெயில் தாழ்ந்த பின், தளிர்களில் நன்கு படும்படியும் மொட்டுகளில் இயன்றவரை படாதபடியும் தெளிப்பது நன்று. கறை பிடித்த மொட்டுக்கு மண்டியில் மரியாதை இல்லை.

ஐயம் தீராதவர்கள் ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம். மஞ்சளித்த இளந்தளிர்கள் நாலைந்தில், ஒவ்வோர் இலையிலும் ஒரு பாதியில் மட்டும் இதே கரைசலைப் பஞ்சால் தடவி, காம்பில் நூல் கட்டி அடையாளம் வைக்கவும். பத்து நாட்களுக்குள் தடவிய பாதி பச்சையேறி, மற்றைப் பாதி மஞ்சளாகவே நின்றால் இரும்புக் குறைவு என்பது உறுதி. செலவு ஒரு ரூபாய்கூட ஆகாது. தோட்டம் முழுவதற்கும் மருந்து வாங்குமுன் இதைச் செய்துவிடுவதே விவேகம்.

இனி மண்ணுக்குள் நிகழ்வது. தோட்டம் முழுவதும் ஒரே சீராக இன்றி அங்கங்கே திட்டுத் திட்டாகச் செடிகள் வெளிறி, குட்டையாகி, ஈரம் இருந்தும் நண்பகலில் துவண்டு நின்றால், நூற்புழுவை நினைக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத இப்புழு வேருக்குள் புகுந்து முடிச்சு முடிச்சாக வீங்கச் செய்யும். ஒரு செடியின் பக்கவேர்களை மெல்லத் தோண்டி எடுத்து நீரில் அலசிப் பார்த்தால், கோத்த மணிபோல் வீக்கங்கள் தெரியும். மணற்பாங்கான நிலத்தில் இது அதிகம். ஊடுபயிராகத் தக்காளி, கத்தரி, வெண்டை போடும் வழக்கம் உள்ள இடங்களில் கேட்கவே வேண்டா. அவை யாவும் வேர்முடிச்சு நூற்புழுவுக்கு விருந்து. அவற்றிற்கு மாறாகச் செண்டுமல்லியை வரிசைகளுக்கிடையே நடுவது புழுவின் பெருக்கத்தைக் குறைக்கும். அப்பூவும் விலை போகும். வேப்பம் பிண்ணாக்கு இடுவதும் நற்பலன் தரும். முன்னாளில் இதற்குச் சிபாரிசு செய்யப்பட்ட ஆல்டிகார்ப் என்னும் குறுணை மருந்து கொடிய நஞ்சு. நம் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. பழைய கையேடுகளில் அதன் பெயரைக் கண்டு எவரும் தேடிச் செல்ல வேண்டா.

மூன்றாவது வேரழுகல். அடி இலைகள் முதலில் மஞ்சளித்து, பிறகு மேலிலைகளும் மஞ்சளித்து, இறுதியில் செடியே காய்ந்துபோகும். தூரில் மண்ணை ஒதுக்கிப் பார்த்தால் பட்டை கறுத்து, வெண்ணிறப் பஞ்சு போன்ற பூசண இழைகளும், கடுகளவான பழுப்பு உருண்டைகளும் காணப்படலாம். அடியிலையில் தொடங்குவதால் இதைத் தழைச்சத்துக் குறைவென்று தவறாக எண்ணி யூரியா இடுவோர் மிகப் பலர். காப்பர் ஆக்சிகுளோரைடை லிட்டருக்கு 2.5 கிராம் வீதம் கரைத்துச் செடியைச் சுற்றிலும் மண் நனைய ஊற்ற வேண்டும். நீர் தேங்கும் பாத்தியில் வடிகால் வெட்டாமல் மருந்து மட்டும் ஊற்றுவது ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவதாகும்.

இவை ஒரே தோட்டத்தில் சேர்ந்தும் வரும் என்பதற்கு நம் ஒன்றியத்திலேயே ஒரு சான்று கண்டோம். சுய உதவிக் குழுவில் கடன் பெற்றுக் கணவரை இழந்த ஓர் அம்மையார் முப்பது சென்டில் மல்லிகை வைத்திருந்தார். தோட்டம் சரிவானது. மேட்டுப்புறத்தில் தளிர் வெளுத்தது; பள்ளத்தில் அடியிலை பழுத்தது. கடைக்காரர் இரண்டையும் ஒரே நோயென்று சொல்லி இரு முறை யூரியா கொடுத்தார். நாம் தோட்டக்கலை அலுவலருடன் சென்று பார்த்தபோது, பள்ளத்தில் ஐம்பதுக்கு மேற்பட்ட செடிகள் பட்டுவிட்டிருந்தன. மேட்டில் சுக்கான் கல் காலில் இடறியது; பள்ளத்தில் மண்ணைப் பிசைந்தால் நீர் கசிந்தது. மேட்டுக்கு அன்னபேதி, பள்ளத்துக்கு வடிகாலும் தாமிர மருந்தும் என்று பிரித்துச் செய்தோம். மேட்டுச் செடிகள் இரண்டு தெளிப்பில் தேறின. பட்ட செடிகள் பட்டவையே. குளிர்காலத்தில் பூ குறைந்து விலை ஏறும் நாட்களில் அவர் பறிக்கப் பூ இல்லை; மண்டியில் வாங்கிய முன்பணம் மட்டும் வளர்ந்தது.

இலையில் ஊசி குத்தினாற்போன்ற நுண்ணிய வெளிர்ப்புள்ளிகள் நிறைந்து, அடிப்புறத்தில் மெல்லிய நூலாம்படை இருந்தால் அது செஞ்சிலந்திப் பேன். வெள்ளைத் தாளின்மேல் இலையைத் தட்டினால் நகரும் புள்ளிகள் தெரியும். நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம் போதும். உச்சி வெயிலில் தெளித்தால் இலை கருகும். நவம்பர்க் கடைசியில் கவாத்துக்கு முன் முதிய இலைகள் சில பழுத்து உதிர்வது இயல்பே. அதற்கு வைத்தியம் வேண்டா.

மேற்சொன்னவற்றால் முடிவு தெரியாதபோது வேளாண் அறிவியல் நிலையத்திற்கோ தோட்டக்கலை அலுவலகத்திற்கோ மாதிரி எடுத்துச் செல்க. இங்கு ஒரு எச்சரிக்கை. சத்து அறியும் மண் மாதிரியை நிழலில் உலர்த்தி அனுப்பலாம். நூற்புழு அறியும் மாதிரியை உலர்த்தினால் புழு மாண்டு சோதனை பொய்யாகும். அதனை நோயுற்ற செடியின் வேரருகே அரை அடி ஆழத்தில் ஈரத்தோடு எடுத்து, சிறிது வேரும் சேர்த்து, பாலித்தீன் பையில் கட்டி, வெயில் படாமல் அன்றே அல்லது மறுநாளே சேர்ப்பிக்க வேண்டும். முற்றிலும் பட்டுப்போன செடியினின்று எடுக்கலாகாது. நோய் தொடங்கியுள்ள செடியினின்றே எடுக்க வேண்டும். அவ்வாறே நலமான செடி ஒன்றின் மண்ணையும் தனிப் பையில் வைத்து, இரண்டிலும் அடையாளம் எழுதிக் கொடுத்தால் ஒப்பு நோக்க உதவும்.